பதினொரு பக்கத்துக்காரன்

டார்ட்டுவில் அன்று மைனஸ் பதினான்கு.
வாய் திறந்தால்
சொல்லுக்கு முன்னால் ஆவி வந்தது.
கதவு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம்.
வரிசையில் நாங்கள்:
அட்டைக் கேடயங்கள், காகிதக் கிரீடங்கள்,
கம்பளிக் கோட்டின் மேல் கட்டிய இறக்கைகள்.
அதில் ஒன்று பேருந்திலேயே ஒடிந்துவிட்டது.

'உப்பு வாசல்' மூன்று பாகம்.
பதினேழு வருடம் முன்பு
நூலகத்தில் ஒரே ஒரு பிரதி,
என் பெயருக்கு மேலே இருபத்திரண்டு பெயர்கள்.
இரண்டாம் பாகம் என் கைக்கு வந்தபோது
யாரோ அழுத இடத்தில்
தாள் அலையாக உலர்ந்திருந்தது.
எந்த இடத்தில் அழவேண்டும் என்று
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

முன்னோட்டம் வந்த இரவு
வெல்லோ அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"டிராகன் சாம்பல் நிறம். புத்தகத்தில் ஈரச் சாம்பல்."
"சாம்பல் சாம்பல்தான்" என்றான் கார்மோ.
அன்றோடு பேச்சு நின்றது.
இப்போது எனக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன்,
தீப்பெட்டி வேண்டுமென்றாலும்
என் வழியாகத்தான் கேட்கிறார்கள்.

அப்போதுதான் ஹெல்யே வந்தாள்,
பார்ப்பதற்கு முன்பே கேட்டது.
முழங்கால் வரை செதில் அங்கி,
புகைமீன் டப்பா மூடிகளை வெட்டி
நான்கு மாதம் தைத்தது.
பகலில் பொய்ப்பல் செய்கிறவள்,
பல் அராவும் அரத்தால்
ஒவ்வொரு முனையையும் மழுக்கியிருந்தாள்.
கக்கத்தில் ஒரு பேரேடு.

இளவரசி இல்லை, சூனியக்காரி இல்லை,
சுங்கக் கணக்கன் ஓர்மெட்!
இரண்டாம் பாகத்தில் பதினொரே பக்கம்.
ஆற்றைக் கடப்பவர்களின் பெயரை எழுதுவான்,
ஒரே ஒரு வாக்கியம் பேசுவான்,
பிறகு கதை அவனை மறந்துவிடும்.
வரிசை முழுக்கக் கை தட்டியது,
கையுறைகளுக்குள் மொத்து மொத்தென்று.

விளக்கு அணைந்தது.
கடலிலிருந்து வாசல் எழுந்தபோது
முந்நூறு பேர் ஒரே மூச்சை
வெளியே விடாமல் வைத்திருந்தோம்.
டிராகன் திரும்பியது.
எனக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும்
ஒரே நேரத்தில் கிசுகிசுத்தார்கள்:
"ஈரம்."

பிறகு ஆறு, பனிமூட்டம், படகு.
கரையில் ஒரு குடிசை,
கதவு திறந்தே கிடந்தது,
உள்ளே யாருமில்லை.
இளவரசன் இறங்கினான், தண்ணீரைப் பார்த்தான்,
ஓர்மெட்டின் வாக்கியத்தை அவனே சொன்னான்:
"கடந்தவர்களை எண்ணலாம்,
திரும்புகிறவர்களுக்குப் பேரேடு இல்லை."
அரங்கம் அதிர்ந்தது. நானும் தட்டினேன்.
தட்டிய பிறகுதான்
நான்கு இருக்கை தள்ளி
ஒரு தகரச் சத்தம் கேட்டது, சின்னதாக,
யாரோ கரண்டியைக் கீழே வைத்தாற்போல.

வெளியே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
அரசியின் மூக்கு சரியில்லை.
காத்திருந்தது வீண் போகவில்லை.
மூன்றாம் பாகத்தைத் தொடவே கூடாது.
குதிரைகள் நன்றாக நடித்தன என்றார்
மகளை அழைத்து வந்த ஒரு தகப்பன்.
அந்த மகள் ஹெல்யேயின் முன்னால் போய் நின்றாள்.

"நீ மீனா?"
"இல்லை. நான் படத்தில் இல்லை."
"அப்போ எதில் இருக்கிறாய்?"
ஹெல்யே பேரேட்டைத் திறந்தாள்.
"பெயர்?"
"மிர்டெல்."
எழுதினாள். பென்சில் முனை குளிரில் வழுக்கியது.
"நான் திரும்பி வந்தால் அழிப்பாயா?"

பதினொரு பக்கத்தையும்
காற்புள்ளி பிசகாமல் சொல்லக்கூடியவள்
கொஞ்ச நேரம் விழித்தாள்.
"அதைப் பற்றி
புத்தகத்தில் எதுவும் இல்லை" என்றாள்.
பிறகு, "வந்து பார்" என்றாள்.

நகராட்சி வண்டி
தெருவுக்கு உப்புத் தூவிக்கொண்டே போனது.
கார்மோவிடம் கார் இருந்தது. வெல்லோவிடம் இல்லை.
அதை அவர்களே பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் காலணியைக் கழற்றினால்
அடியில் ஒரு செதில்.
உள்பக்கம் அச்சு அழியவில்லை:
இந்தத் தேதிக்கு முன்
உண்ணவும்.